பத்து வருஷ விசாவில் வந்த பாண்டாக்கள்

2001 ஏப்ரல் முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நியூஜெர்சி எடிசனிலிருந்து காரில் வாஷிங்டன் போய், அங்குள்ள மிருகக்காட்சி சாலையில் பாண்டா பார்த்துவிட்டு வந்தோம். முட்டாள்கள் தினத்தில் கிளம்பியதற்கு ஏற்ற பலன் கிடைத்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். போகப்போகிறவர்களுக்குப் பயன்படும்.

ஏன் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒய்டுகே வேலைக்காக அமெரிக்கா போன கூட்டத்தில் நானும் ஒருவன். 2000 பிறந்ததும் கம்ப்யூட்டர்கள் தேதி குழம்பிப்போகாமல் இருக்க, பழைய புரோகிராம்களில் தேதியைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. 2000 பிறந்தது, எதுவும் குழம்பவில்லை, எனக்கும் வேலை இல்லை. ஆறு வருஷ விசா முடியும் தறுவாயில் இருந்தது, கிரீன் கார்டு வருவதாகத் தெரியவில்லை. ஏப்ரல் நான்காம் தேதி, புதன்கிழமை, கோயமுத்தூருக்கு டிக்கெட் போட்டாயிற்று.

வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றது மகள் யாழினி. எடிசனில் பிறந்தவள், ஐந்தரை வயது. நாம் தமிழில் பேசினால் எல்லாம் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். பத்து நாள் அழுதபிறகு ஒரு நிபந்தனை போட்டாள். "ஐ வில் கம். பட் ஃபர்ஸ்ட் பாண்டா." சீனாவிலிருந்து புதிதாக ஒரு பாண்டா ஜோடி வந்திருப்பதை டிவியில் பார்த்துவிட்டாள். அழுகிற பிள்ளையை விமானத்தில் தூக்கிப்போட்டுக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. மிச்சமிருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. காரை வேறு விற்றாயிற்று. வாங்கியவர் அன்று மாலை ஏழு மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போவதாகப் பேச்சு.

போய்வந்த நண்பர் சொல்லியிருந்தார்: "காலைல ஒன்பதரைக்குள்ள க்யூல நின்னுடுங்க. பதினொண்ணுக்கு மேல அதுங்க தூங்கிடும்." ஆகவே அதிகாலைப் பயணம். வீட்டில் சாமானெல்லாம் விற்றுப்போய், சுவரில் ஒரே ஒரு கடிகாரம் பாக்கி. நம்மவர்கள் பலர் வீட்டில் இருக்குமே, இந்தியா நேரம் காட்டும் கடிகாரம், அது. கிளம்பும்போது அதில் மாலை நான்கு மணி. வழக்கப்படி பத்தரை மணி நேரம் கழித்தேன். காலை ஐந்தரை. கைக்கடிகாரத்திலும் ஐந்தரை. இரண்டையும் ஒத்துப்பார்த்த திருப்தியோடு காரை எடுத்தேன்.

எடிசனிலிருந்து மிருகக்காட்சி சாலை வாசல்வரை 208 மைல். டர்ன்பைக் என்கிற சுங்கச்சாலையில் தெற்கே இறங்கி, டெலவேர் பாலம் தாண்டி, ஐ-95 நெடுஞ்சாலை பிடித்து, பால்டிமோரில் கடலுக்கடியில் சுரங்கம் வழியாகப் போகவேண்டும். மேரிலாந்து ரெஸ்ட் ஏரியாவில் இருபது நிமிஷம் நின்றோம். மொத்தம் மூன்றே முக்கால் மணி நேரம். நுழைவுக் கட்டணம் கிடையாது, பார்க்கிங்குக்குப் பதினோரு டாலர் ஆனது. என் கடிகாரத்தில் ஒன்பதே கால். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உள்ளே போனால், பாண்டா வீட்டு வாசலில் திருப்பதி தர்மதரிசனம்போல வரிசை.

வரிசையைப் பார்த்துக்கொண்ட தன்னார்வலர் எழுபது வயது வெள்ளைக்கார அம்மா. எத்தனை மணிக்கு உள்ளே போவோம் என்று கேட்டேன். "இப்போது பத்தே கால், பன்னிரண்டு ஆகும்" என்றார். நான் என் கடிகாரத்தைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார். நேற்றிரவுதான் கோடைக்காக நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்களாம்.

என் மனைவி சுமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஏனுங்க, ஊரு உலகத்துக்கெல்லாம் தேதி சரி பண்ணிக் குடுத்தீங்களே!" தலை நிமிர்த்த முடியவில்லை. பத்தரை மணி வித்தியாசம் குளிர்காலத்துக்குத்தான், கோடையில் ஒன்பதரை. வருஷா வருஷம் தெரிந்த சங்கதி, மூட்டை கட்டுகிற அவசரத்தில் மறந்தேபோனது. யாழினியின் கண் நிறைந்துவிட்டதைப் பார்த்து அந்த அம்மா குனிந்து, "கவலைப்படாதே, அந்த ஒரு மணி நேரத்தை அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுவோம்" என்றார். அன்றுதான் கடிகாரத்தை மறுபடி ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள். யாழினி அதை மிகவும் சீரியசாக எடுத்துக்கொண்டு தலையாட்டினாள்.

வரிசை நகர நகர அவர் சொன்ன கதைக்காகவே இன்னொரு முறை தாமதமாகப் போகலாம். 1972-ல் அமெரிக்க ஜனாதிபதி சீனா போய்வந்த கையோடு, சீனா ஒரு ஜோடி பாண்டாவைப் பரிசாக அனுப்பியது. சீர் வாங்கினால் எதிர்ச்சீர் செய்யவேண்டாமா? அமெரிக்கா பதிலுக்கு ஒரு ஜோடி கஸ்தூரி எருதை அனுப்பியது. அந்தப் பாண்டாக்களுக்கு ஐந்து குட்டிகள் பிறந்தன. ஒன்றுகூட சில நாட்களுக்கு மேல் தங்கவில்லை. இவரைப்போன்ற தன்னார்வலர்கள் முறை போட்டு, கேமரா வழியாக இரவும் பகலும் தாயைக் கவனித்துக் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். 1992-ல் பெண் பாண்டா போய்விட்டது. ஆண் ஏழு வருஷம் தனியாக இருந்தது. கடைசியில் சிறுநீரகக் கோளாறு. மருந்தை அதற்குப் பிடித்த மஃபின் கேக்கில் ஒளித்துவைத்து ஊட்டினார்களாம். 1999-ல் அதுவும் போனது. வீடு ஒரு வருஷத்துக்கு மேல் காலி. "அப்போதும் நான் வருவேன்" என்றார் அந்த அம்மா, "வெறும் கண்ணாடிக்கு முன்னால் நின்றுவிட்டுப் போவேன்." சம்பளமில்லாத வேலைக்கு இப்படியும் மனிதர்கள்.

புதிய ஜோடி பரிசில்லை, பத்து வருஷத்துக்கு இரவல். குட்டி பிறந்தால் அதுவும் சீனாவுக்கே சொந்தம். எனக்கு ஆறு வருஷம் கொடுத்தவர்கள் பாண்டாவுக்குப் பத்து கொடுத்திருக்கிறார்கள் என்று சுமதியிடம் சொன்னேன். "அது தப்பான நேரத்துக்கு எந்திரிக்காதுங்க" என்றாள்.

யாழினி அந்த அம்மாவிடம் கேட்டாள்: "டிட் தே க்ரை ஆன் த ப்ளேன்?" அவர் பொய் சொல்லவில்லை. முதலில் கொஞ்சம் பயந்துதான் இருந்தார்கள், பிறகு மூங்கில் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடித்துவிட்டார்கள், என்றார்.

பன்னிரண்டே காலுக்கு உள்ளே போனோம். கண்ணாடிக்கு அப்பால் ஒரு வெள்ளை முதுகு. அவ்வளவுதான். இன்னொன்று கண்ணிலேயே படவில்லை. யாழினி அழவில்லை. "ஐ டிட்ன்ட் சீ ஹிஸ் ஃபேஸ்" என்று மட்டும் சொன்னாள். அவள் அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுபோன புளிசாதத்தைப் பிரித்தோம். மூன்று மணிவாக்கில் மறுபடி எழுந்து சாப்பிடும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். ஆனால் ஏழு மணிக்குக் கார் எடிசனில் இருக்கவேண்டுமென்றால் மூன்று மணிக்கே கிளம்பியாக வேண்டும். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே சுமதி சில்லறையை எடுத்துக்கொண்டு பே ஃபோனுக்குப் போனாள். காரை வாங்கிய அங்கிள் சென்னைக்காரர். பின்னாலேயே போய்ப் பக்கத்தில் நின்ற எனக்கே அவர் குரல் கேட்டது: "அட, கார் எங்கம்மா ஓடிடப் போவுது? நாளைக்கு காலைல எடுத்துக்கறேன். கொழந்தைக்கு நல்லா காட்டிட்டு மெதுவா டிரைவ் பண்ணி வாங்க."

இரண்டு மணிக்கு மறுபடி வரிசையின் வாலில் நின்றோம். மூன்று இருபதுக்கு உள்ளே போனபோது அது எழுந்து உட்கார்ந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை டிவி பார்க்கும் குடும்பத்தலைவனைப்போல காலை நீட்டி, தொப்பையைத் தள்ளிக்கொண்டு, ஒரு மூங்கில் கழியைத் தோல் உரித்து மெல்லுகிறது. யாழினி மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு நின்றாள். அது ஒருமுறை நிமிர்ந்து இந்தப் பக்கம் பார்த்தது. நானும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன், வெட்கமில்லை. நான்கு மணிக்குக் கிளம்பி, எட்டு மணிக்கு வீடு. புதன்கிழமை விமானத்தில் அழுகை இல்லை. "வில் தே ஹாவ் சீரியல் தேர்?" என்று ஒரே ஒரு கேள்விதான், காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற சீரியல் கோயமுத்தூரில் கிடைக்குமா என்று.

போகிறவர்களுக்கு: நான் சொன்ன செலவுகள் அன்றைய நிலவரம். கிளம்புமுன் நேரமும் அனுமதி விவரமும் பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ரோவில் போனால் கிளீவ்லண்ட் பார்க்கில் இறங்குங்கள், ஏற்றம் குறைவு. சாப்பாடு கொண்டுபோங்கள். முதுகை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், இரண்டாவது வரிசையிலும் நில்லுங்கள். நாங்கள் பார்த்த ஜோடி இப்போது அங்கே இல்லை. அவற்றின் பத்து வருஷம் எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷனாக ஏறக்குறைய இருபத்து மூன்று வருஷம் நீண்டது. கொடுத்துவைத்தவை.

அந்தச் சுவர்க் கடிகாரம் எங்களோடு கோயமுத்தூர் வந்தது. பாண்டா எப்போது தூங்கும், எப்போது சாப்பிடும் என்று தெரியவேண்டுமென்று அதில் வாஷிங்டன் நேரம் வைக்கச் சொன்னாள் யாழினி. வைத்தேன். அந்த அக்டோபர் கடைசி ஞாயிறு, பகல் பதினொன்றரைக்கு, அதாவது அந்தக் கடிகாரத்தில் இரவு இரண்டு மணிக்கு, நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு நாற்காலியை இழுத்துவந்து கடிகாரத்துக்குக் கீழே போட்டாள்.

"அப்பா, ஏறுங்க. அந்த ஆன்ட்டி நம்ம ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் குடுக்கற நாளு இன்னைக்கு."