சுருதியோடு வந்த இரைச்சல்

கச்சேரிக் குழுவில் எல்லோரும் அவளை ரெண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டாவது கிட்டார் அவளுடையது. முதல் கிட்டார்காரர் மேடையின் நடுவே வந்து தலையைச் சிலுப்பிக்கொண்டு வாசிப்பார். ரெண்டு, டிரம்ஸுக்குப் பக்கத்தில், வெளிச்சம் பாதி விழும் இடத்தில் நின்று பாட்டைத் தாங்கிப் பிடிப்பாள். மூன்று வருடமாக இதுதான் பிழைப்பு. வேனில் ஏறினால் வீடு திரும்பப் பத்து நாளாகும், பதினைந்து நாளாகும். மடியில் கிட்டார் பெட்டி, காலுக்கடியில் ஒயர் சுருள், தோளில் கீபோர்டுகாரரின் தூங்கும் தலை. அவர் விடுகிற குறட்டையின் தாளம் கூட அவளுக்கு மனப்பாடம்.

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள், அதுவும் கணக்கில். லிப்ட் மெக்கானிக்கான அப்பா அந்தப் பட்டத்துக்குக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். எதிர்ச்சுவரில் கிட்டார். இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பாரே தவிர, ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டியிருந்தாலாவது சண்டை போட்டுச் சமாதானமாகியிருக்கலாம். அவர் கேட்காத கேள்வியை அவளேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் உண்மையிலேயே வாசிக்கிறவளா, இல்லை, கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறவளா? மேடையில் எட்டுப் பேர் எழுப்பும் சத்தத்துக்குள் ஒருத்தியின் தப்பும் கேட்காது, சரியும் கேட்காது.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும் நாள் ஒன்று வந்தது. ஏதோ ஓர் ஊரில், கச்சேரிக்கு முன்னால் ஒலி சரிபார்க்கும்போது அவள் தனியாக வாசித்ததை ஓர் இசையமைப்பாளர் கேட்டிருக்கிறார். நாற்பது வயதுப் பெண்மணி. பேச்சில் பூசி மெழுகத் தெரியாதவர். அவளைக் கூப்பிட்டு நேராகவே சொன்னார்.

“நாலு பாட்டு. ஒரு குரல், ஒரு கிட்டார், வேற எதுவும் கிடையாது. முதல் பாட்டு சரியா வந்தா நாலும் நீதான். வரலன்னா வேற ஆளப் பாத்துக்குறேன். மனசுல வெச்சுக்காத.”

ஒலிப்பதிவுக் கூடம் மூன்றாவது மாடியில் இருந்தது. சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு. கண்ணாடிக்கு அந்தப்பக்கம், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஒலிப்பதிவாளர். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். மைக், கிட்டாருக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. முதல் தடவையே விரல் எங்கும் தடுக்காமல் கடைசிவரை போய்விட்டது. அவளுக்கே ஆச்சரியம்.

பதிவைப் போட்டுக் கேட்டால் பின்னால் ஒரு இரைச்சல்.

“எங்கயோ எர்த் சரியில்ல,” என்றார் ஒலிப்பதிவாளர். ஏசியை நிறுத்தினார். ஒயரை மாற்றினார். எல்லோருடைய போனையும் பிடுங்கி வெளியே வைத்தார். நடையில் இருந்த குட்டி பிரிட்ஜின் பிளக்கைக்கூட உருவிவிட்டார். வேர்த்துக் கொட்டிக்கொண்டு இன்னும் இரண்டு முறை பதிந்தார்கள். இரைச்சல் அசையவில்லை.

இசையமைப்பாளர் கையைத் தூக்கினார். “அண்ணே, ஒரு சந்தேகம். எர்த் கோளாறு சுருதியோட வருமா?”

“எப்படி வரும்?”

“நல்லாக் கேளுங்க. கிட்டார் மேல போறப்ப அதுவும் மேல போகுது.”

இருவரும் கண்ணாடி வழியாக மெல்லத் திரும்பி ரெண்டுவைப் பார்த்தார்கள்.

“என்னை ஏன் பாக்குறீங்க?”

“வாசிக்கும்போது முனகுவியாம்மா?”

“சத்தியமா இல்லண்ணே!”

ஒலிப்பதிவாளர் பதிவை ஹெட்போனில் சத்தமாக வைத்தார். மூக்கால் பாடுகிற ஒரு குரல். அவளுடையதேதான். மூன்று வருட மேடைச் சத்தத்தில் யாருக்கும் கேட்காதது, அவளுக்கே கேட்காதது, இப்போது காதுக்குள் உட்கார்ந்துகொண்டு அவமானப்படுத்தியது.

உதட்டை இறுக மூடிக்கொண்டு வாசித்தாள், தொண்டையிலிருந்து வந்தது. பல்லுக்கு நடுவே பென்சிலைக் கடித்தாள், அப்போதும் வந்தது. மூச்சை எண்ணிக்கொண்டு வாசித்தாள். ஒருவழியாக முனகல் நின்றது. ஆனால் இசையமைப்பாளரின் முகம் வாடிவிட்டது.

“எல்லா ஸ்வரமும் சரி. ஆனா யாரோ டைப் அடிக்கிற மாதிரி இருக்கு. போய்த் தண்ணி குடிச்சுட்டு வா. இன்னும் ஒரு தடவை பாப்போம்.”

அந்த ‘ஒரு தடவை’யின் அர்த்தம் அவளுக்குப் புரிந்தது. நடைக்கு வந்து அப்பாவுக்குப் போன் போட்டாள்.

“அப்பா, நான் வாசிக்கும்போது முனகுறேனாமே?”

“ஆமா. அதுக்கென்ன?”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? மேல் வீட்டம்மா என்ன சத்தம்னு கேக்குறப்பல்லாம் பிரிட்ஜ் சத்தம்னு சொல்லி வெச்சிருக்கேன்.”

“என்கிட்ட ஏம்ப்பா சொல்லல?”

“நல்லாத்தானேமா இருந்துச்சு. சொன்னா நிறுத்திடுவியேன்னு விட்டுட்டேன்.”

அப்பா இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போனாள்.

“அண்ணே, முதல்ல பதிஞ்சத இன்னொரு தடவை போடுங்களேன்.”

“பட்ட அவமானம் பத்தலையா?”

“போடுங்கண்ணே.”

இந்த முறை வெட்கப்படாமல் கேட்டாள். கணக்குப் படித்த மூளை, எது முதலில், எது பின்னால் என்று பிரித்துப் பார்த்தது. ஒவ்வோர் இடத்திலும் முனகல் ஒரு நூலிழை முந்திப் போகிறது; விரல் அதன் பின்னால் வருகிறது. வழி சொல்கிற குரலின் வாயைக் கட்டிவிட்டால் விரல் எங்கே போகும்? டைப்தான் அடிக்கும்.

“கிட்டார் வேணாம்,” என்றாள். “முனகல மட்டும் தனியா பதிங்க. பாட்டு முழுக்க முனகுறேன். அப்புறம் அத என் ஹெட்போன்ல போடுங்க. நான் முனகாம, அதைக் கேட்டுக்கிட்டே வாசிக்கிறேன். பாட்டுல அது வேணாம். எனக்கு மட்டும் போதும்.”

ஒலிப்பதிவாளர் இசையமைப்பாளரைப் பார்த்தார். “முப்பது வருஷத்துல முனகலுக்கு மைக் வெச்சதில்ல.”

“வைங்கண்ணே. கூலி ஒண்ணுதானே.”

மைக்கை வாய்க்கு நேரே ஏற்றினார்கள். கிட்டார் இல்லாத மடியில் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, பாட்டு முழுவதையும் முனகி முடித்தாள். அடுத்து மைக் இறங்கியது. ஹெட்போனுக்குள் அவள் குரலே முன்னால் நடந்தது, விரல்கள் பின்தொடர்ந்தன. நடுவில் ஓரிடத்தில் குரல் கொஞ்சம் தயங்கியது. அங்கே விரலும் தயங்கியது, அந்தத் தயக்கம் பாட்டுக்கே தேவைப்பட்டதுபோல இருந்தது. தொண்டையிலிருந்து முனகல் வரவே இல்லை.

பதிவைப் போட்டார்கள். இரைச்சல் இல்லை. டைப் சத்தமும் இல்லை. ஒலிப்பதிவாளர் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, காதால் கேட்க வேண்டியதைக் கண்ணாலும் பார்ப்பவர்போலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிச்சம் மூணுக்கு நாளைக்கு எத்தனை மணிக்கு வருவ?” என்றார் இசையமைப்பாளர்.

“ஆறு மணிக்கே வந்துடுறேன் மேடம்.”

“அம்மா தாயே, நானும் மனுஷன்தான்,” என்று கும்பிட்டார் ஒலிப்பதிவாளர். “பத்து மணிக்கு வா.”

பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. இரண்டாவது பாட்டின் காகிதத்தை முழங்காலில் விரித்துவைத்து, வழிநெடுக முனகிக்கொண்டே போனாள். பக்கத்து இருக்கைப் பெண் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை பையோடு எழுந்து வேறு இருக்கைக்குப் போனாள். ரெண்டு, அந்தக் காலி இடத்தில் கிட்டார் பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, சரணத்தை மறுபடியும் ஆரம்பித்தாள்.