ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாத பெட்டி

சக்கர நாற்காலிகளைப் பழுதுபார்க்கும் அவளை எல்லோரும் சக்கரத்தக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவின் நாற்காலியில் முன்சக்கரம் உடைந்தபோது, சைக்கிள் கடைக்காரர்கள் இரண்டு பேர் கைவிரித்துவிட்டார்கள். அவளே கழற்றினாள், மூன்று நாள் திட்டிக்கொண்டே பூட்டினாள். அப்பா போன பிறகும் அந்த வேலை அவளை விடவில்லை. மருத்துவமனையின் பின்பக்கப் படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்து பதினோரு வருடம் பிரேக் மாற்றினாள், பேரிங் மாற்றினாள், கிழிந்த இருக்கைகளுக்கு கான்வாஸ் தைத்தாள்.

அந்தக் கட்டடத்தை இடிக்கப் போகிறோம், மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்றார்கள். அவளிடம் நாற்காலியைச் சரிசெய்துகொள்ளும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், "என் வீட்டுக்குப் பக்கத்துல நம்ம காலி மனை சும்மாதானே கெடக்கு, அங்க வந்து உக்காரும்மா" என்றார். சுவர் எழுப்ப அவகாசம் இல்லை. கப்பலில் சரக்கு வரும் இரும்புக் கன்டெய்னர் ஒன்றை இறக்கிப் பட்டறையாக்கிக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

புதுசா, பழசா என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. கணவர் பெயின்டர். "பழசே போதும். துருவைச் சுரண்டிட்டு ரெண்டு கோட்டு அடிச்சா புதுப் பொண்ணு மாதிரி ஆயிடும்" என்றார்.

"பெயின்ட் ஓட்டைய மறைக்குங்க, அடைக்காது" என்றாள் அவள். படிக்கட்டு ஒழுகி ஒரு டப்பா பேரிங் துருப்பிடித்துப் போனதை அவள் மறக்கவில்லை.

இருவரும் கன்டெய்னர் விற்கும் யார்டுக்குப் போனார்கள். யார்டுக்காரர் ஒளிக்காமல் பேசினார். "புதுசுன்னா ஒரே ஒரு தடவை சரக்கு ஏத்திட்டு வந்தது. பழசுன்னா பத்துப் பன்னெண்டு வருஷம் கடல்ல அலைஞ்சது. வெலை பாதிதான்."

"பழசுல நல்லதை எப்படிக் கண்டுபிடிக்கறது?"

"உள்ள போய் நில்லுங்க, கதவைச் சாத்தறேன். ஒரு பொட்டு வெளிச்சம் தெரிஞ்சாலும் அந்த வழியா மழை வரும்."

அவள் ஓர் அடி பின்வாங்கினாள். ஐந்து வருடத்துக்கு முன் மின்சாரம் போய், மருத்துவமனை லிஃப்டுக்குள் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டவள் அவள். அன்றிலிருந்து குளியலறைக் கதவைக்கூட முழுதாகச் சாத்தமாட்டாள்.

"நீ வெளிய நில்லு, நான் போய்ப் பாக்கறேன்" என்றார் கணவர்.

"நீங்க கத்தரிக்காயில இருக்கற ஓட்டையவே பாக்காம வாங்கிட்டு வர்ற ஆளு. எம் பட்டறை, நானே பாக்கறேன். வெளியில இருந்து தட்டிக்கிட்டே இருங்க. நான் உள்ள இருந்து ரெண்டு தட்டு தட்டினா உடனே தொறக்கணும்."

முதல் பெட்டியின் கூரையில் வெயில் சல்லடையாக இறங்கியது. போன வேகத்தில் வெளியே வந்தாள். இரண்டாவதில் ஓட்டை இல்லை. ஆனால் பலகைத் தரையில் கருப்பாக ஏதோ ஊறியிருந்தது, அதன் நெடியில் கண் எரிந்தது. "கழுவி விட்டா போயிடும்க்கா" என்றார் யார்டுக்காரர்.

"நாள் பூரா இதுக்குள்ள உக்காரப் போறது நான். நாத்தத்தோட குடும்பம் நடத்த முடியாதுங்க."

மூன்றாவது, புதுசு. கதவு ஒரே தள்ளலில் சத்தமில்லாமல் திறந்தது. சுருக்கமில்லாத தகடு. அவள் வெகுநேரம் அதன் முன்னால் நின்றாள். பிறகு கணவரிடம் திரும்பினாள். "பக்கவாட்டுல அகலமா ஒரு வாசல், ரெண்டு ஜன்னல், எப்படியும் வெட்டத்தானே போறோம்? மொட்டை அடிக்கப் போற தலைக்கு எதுக்குங்க சீப்பு? பழசுலயே நல்லதாத் தேடுவோம்."

நாலாவது பெட்டியின் வயிற்றில் யாரோ குத்துவிட்டதுபோல் ஒரு பெரிய நசுங்கல். கதவு சாத்தியதும் கும்மிருட்டு. வெளியே கணவர் தட்டும் சத்தம் மட்டும் துணை. கண் பழகட்டும் என்று இருநூறு எண்ணத் தொடங்கினாள். நாலு மூலை, கூரை மடிப்பு, கதவு ரப்பர், தரை ஓரம் என்று ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தாள். நூற்று இருபதில் தட்டும் சத்தம் நின்றுவிட்டது. கதவை உடைத்துக்கொண்டு ஓடலாம் போலிருந்தது. ஆனாலும் எண்ணிக்கையை விடவில்லை. எங்கும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. இருநூறு முடிந்த பிறகே இரண்டு தட்டு தட்டினாள்.

கதவு திறந்தது. கணவர் கையில் டீ கிளாஸ். "இவரு குடுத்தாரு... வேணாம்னா மரியாதையா இருக்காதேன்னு..."

"வீட்டுக்கு வாங்க, மரியாதைய அங்க பேசிக்கலாம்" என்றாள். முகமெல்லாம் வியர்வை. யார்டுக்காரரைப் பார்த்து, "இதையே இறக்கிக் குடுங்க" என்றாள்.

வாசலை எங்கே வெட்டுவது என்று வெல்டர் கேட்டபோது, நசுங்கிய இடத்தையே காட்டினாள். கெட்ட தகடு அதோடு போயிற்று. கணவர் சொன்னபடி துருவைச் சுரண்டி இரண்டு கோட்டு அடித்தார். அடுத்த வாரமே மழை கொட்டியது. உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

வாத்தியார்தான் முதலில் வந்தார். வாசலுக்கு ஏறும் சிமென்ட் சரிவில் பாதியில் நாற்காலி நின்றுவிட்டது. கணவர் தள்ள ஓடினார்.

"தள்ளாதீங்க! ஒவ்வொருத்தரையும் தள்ளிவிட நீங்க தினம் இங்கயா நிக்கப் போறீங்க? சரிவு செங்குத்தா போயிடுச்சு."

மறுநாள் காலை சுத்தியலும் உளியுமாக உட்கார்ந்தாள். முந்தின வாரம் போட்ட சிமென்டை உடைத்து, இரண்டு மடங்கு நீளத்துக்குப் புதிதாகச் சரிவு போட்டாள். அது இறுகும்வரை வேலையை வெளியே வெயிலில் வைத்துப் பார்த்தாள். ஒரு வாரம் கழித்து வாத்தியார் தன் கையாலேயே சக்கரத்தை உருட்டிக்கொண்டு உள்ளே வந்து நின்றார்.

"இடது பிரேக் கொஞ்சம் இழுக்குதும்மா, பாரு" என்றார்.