உடுப்பில் பிழை

“நேத்து டிவியில போட்ட சிரிப்புப் படம், கதை நடக்குறது அறுவத்திரெண்டு சீனாச் சண்டையில. பட்டாளத்துக்காரன் போட்டிருக்கான் பாரு, இப்ப வந்த கட்டங்கட்டமான உடுப்பு! ஏ மருதாயி, கேக்குறியா?”

ஸ்டியரிங்கை விட்ட ஒரு கை காற்றில் நியாயம் கேட்கிறது. போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவில் ஜீப் முனகிக்கொண்டு ஏறுகிறது.

“உடுப்பு எந்த வருசமாவும் இருக்கட்டும்ணே. நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க. எங்களுக்கும் பிள்ளகுட்டி இருக்கு,” என்கிறாள் மருதாயி. காய் எடுக்க ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு இது தினப்படி கச்சேரி.

ஜீப் ஓட்டும் விஜயபாண்டி எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ஊருக்கு அவர் பட்டாளத்தார். ராணுவத்தில் அவர் துப்பாக்கி பிடித்ததைவிட லாரி ஓட்டியதுதான் அதிகம் என்று அவர் சொல்லமாட்டார். அவர் மனைவி தேவி சொல்லுவாள். ஜீப்புக்கு டயர் மாற்றப் போனாலும் சட்டையில் கத்தி மடிப்பு இருக்க வேண்டும். தொலைக்காட்சியில் சண்டைப் படம் ஓடினால் தூங்கிவிடுவார். ராணுவத்தை வைத்து நகைச்சுவை வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருவார். ஏன் இந்த ஓரவஞ்சனை என்று கேட்டேன்.

“சிரிப்புக் காட்டுறதுன்னா என்ன வேணா மாட்டி விட்டுருவாங்களாண்ணே? எங்க உடுப்பு என்ன கோமாளிச் சட்டையா?”

இந்தக் கண்டிப்புதான் அவர் வீட்டில் வினையாக முடிந்தது. ஒரே மகன் ராஜாராம், ஆள்சேர்ப்பு முகாமில் மார்பளவு போதாமல் திரும்பி வந்தவன். அதற்குப் பிறகு அப்பனும் மகனும் முகம் கொடுத்துப் பேசியதில்லை. பையன் நடிக்கிறேன் என்று சென்னைக்குப் போனான். போன ஆடியில் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் சிப்பாய் வேடம் கிடைத்தது. அதை அப்பாவோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று பஸ் ஏறி வந்தான். தேவி பணியாரம் சுட்டாள். தெருவே அவர்கள் வீட்டில் கூடியிருந்தது.

மகன் திரையில் வந்தான். பட்டாளத்தார் எழுந்தார்.

“தொப்பி வில்லை இடது கண்ணுக்கு மேல வரணும்டா! காதுக்கு மேலல்லவா கெடக்கு! எவன்டா மாட்டி விட்டது?”

தொப்பியை முடித்து இடைவாருக்கு வந்தார். இடைவாரை முடிப்பதற்குள் மகனுடைய காட்சி முடிந்துவிட்டது.

ராஜாராம் மெதுவாகக் கேட்டான். “நான் எப்பிடிப்பா நடிச்சேன்?”

“பூட்சுக்குப் பாலிசே போடலையேடா.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. பையன் சாயங்கால பஸ்சிலேயே போய்விட்டான். தீபாவளிக்கும் வரவில்லை. அம்மாவிடம் மட்டும் போனில் பேசுகிறான். அப்பா எடுத்தால் வைத்துவிடுகிறான். எனக்கு முதலில் இவர் மேல் ஆத்திரமாகத்தான் இருந்தது. இப்போது பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தவர் ஒருநாள் துணியைப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

“அந்தத் தொடர்ல, பொண்டாட்டி லெட்டரப் படிச்சுட்டு அவன் அழுதுக்கிட்டே சிரிக்கிற எடம் ஒண்ணு இருந்துச்சாம்ல? எல்லாரும் சொல்றாக. நான் பாக்கலண்ணே. எம் மகன் மூஞ்சியவே நான் பாக்கல.”

மறுபடி போடுவார்கள் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போட்டார்கள். நான் கீரைக்கட்டோடு அவர்கள் வாசலைக் கடக்கும்போது, தேவி உள்ளேயிருந்து கத்தினாள். “ஏங்க, வெரசா வாங்க! நம்ம பய வர்றான்!” நானும் நுழைந்தேன். திரையில் ராஜாராம். அதே கோணல் தொப்பி, அதே இடைவார். பட்டாளத்தாரின் வாய் திறந்தது. தேவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் திறந்த வாயை மூடினார். தொலைக்காட்சியின் அருகில் போய் மண்டியிட்டார். உள்ளங்கையை அகல விரித்து மகனின் கழுத்துக்குக் கீழே வைத்து உடுப்பை மறைத்தார். இன்னொரு கையைத் தொப்பிமேல் வைத்தார். ராஜாராம் கடிதத்தோடு திரையில் நடந்தான். இரண்டு கைகளும் அவன் கூடவே நகர்ந்தன.