நானே எழுதிய சந்திப்பு வழிகாட்டி

வியாதியஸ்தர் வீட்டுக்குப் போனால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று சொல்லும் பதினாறு பக்கக் கையேடு ஒன்று எங்கள் சபையில் இருக்கிறது. இளநீல அட்டை, நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் ஊசி. அதை எழுதியவள் நான்.

சந்திப்பு ஊழியத்துக்குப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு விதமாக நடந்துகொள்கிறார்கள் என்று கமிட்டியில் புகார் வந்தது. ஒருவர் முக்கால் மணி நேரம் ஜெபிக்கிறாராம். இன்னொருவர் நோயாளியின் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து, அதே வியாதியில் போய்ச் சேர்ந்த தன் மாமனாரின் கதையைச் சொல்கிறாராம். "டீச்சரம்மா, நீங்க ஒண்ணு எழுதிக் குடுத்துப்போடுங்க" என்றார் போதகர். முப்பத்தொரு வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவளுக்கு, நாலு பேருக்கு விதி எழுதிக் கொடுப்பதென்றால் கசக்குமா? எழுதிவிட்டேன். வெளியூர்ச் சபைகளும் கேட்டு வாங்கிப் போயின. பல்லடம் பக்கம் ஒரு சபையில் அதை நகல் எடுத்து, எழுதியவர் என்ற இடத்தில் தங்கள் போதகரின் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். அதற்காக ஒரு வாரம் பொருமிக்கொண்டிருந்தேன்.

போன மழைக்காலத்தில் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. கணபதி பக்கம் ஒரு மோட்டார் பம்பு பட்டறையில் லேத் ஓட்டி, ஃபோர்மேனாக ஓய்வுபெற்றவர். கையும் காலும் இரண்டு வாரத்தில் ஓரளவுக்குத் திரும்பிவிட்டன. பேச்சுதான் திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரிகிறது, சொல்ல வேண்டியதும் உள்ளே இருக்கிறது, ஆனால் ஒரு வார்த்தை வாய்க்கு வந்து சேர வெகுநேரம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் என்னிடம் தெளிவாகச் சொன்னாள். "கேள்வி கேளுங்கம்மா. கேட்டுட்டு மனசுக்குள்ள முப்பது எண்ணுங்க. நீங்க முடிச்சுக் குடுத்தா அவர் முயற்சி பண்றதையே விட்டுருவார். முதல் மூணு மாசம் ரொம்ப முக்கியம்."

வீட்டுக்கு வந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டது. முதலில் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து பதினோரு பேர். அடுத்த நாள் பாடகர் குழு. பிறகு வாலிபர் ஐக்கியம், ஏரியா ஜெபக் குழு, ஓய்வுபெற்றோர் ஐக்கியம். உட்கார இடமில்லையென்று சபையிலிருந்து பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். நாற்காலிகள் வந்து இறங்கியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. நாற்காலி போட்ட வீட்டில் கூட்டம் குறையாது.

வந்தவர்கள் எல்லார் கையிலும் என் இளநீலப் புத்தகம் இருந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன் என்று ஒரு கிறிஸ்தவப் பெண் எழுதக் கூடாதுதான், எனக்கு வேறு சொல் அகப்படவில்லை. பக்கம் மூன்றில், உள்ளே நுழைந்ததும் ஸ்தோத்திரம் சொல்லிப் புன்னகைக்கவும் என்று எழுதியிருந்தேன். வரிசையாக வந்து புன்னகைத்தார்கள். பக்கம் நான்கில் வாக்குத்தத்த அட்டை கொடுக்கச் சொல்லியிருந்தேன். ஒரே வசனம் போட்ட அட்டை ஏழு சேர்ந்துவிட்டது. பக்கம் ஐந்தைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நோயாளியைப் பேசவைத்துக் களைப்படையச் செய்யக் கூடாது என்று அடிக்கோடு வேறு போட்டு எழுதியிருக்கிறேன். இவர் பாடுபட்டு உதட்டைக் குவிப்பார். உடனே பதினோரு கைகள் மேலே எழும். "வேண்டாமுங்க ஐயா, பேசாதீங்க. நல்லா ரெஸ்ட் எடுங்க." இவர் வாயை மூடிக்கொள்வார்.

நோயாளியின் எதிரில் நோயைப் பற்றிப் பேசக் கூடாது, குடும்பத்தாரைத் தனியே அழைத்து விசாரிக்கவும் என்பது பக்கம் ஆறு. அதனால் ஒவ்வொரு குழுவிலும் இரண்டு பேர் என்னைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய், காதோடு காதாகக் கேட்பார்கள். நானும் அதே மாதிரி சொல்வேன். "உயிருக்கு ஒண்ணும் பயமில்லீன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. மாத்திரைய விடாம சாப்பிட்டா இன்னும் பல வருசம் நல்லா இருப்பாராமுங்க. பேச்சு வாரதுக்குத்தான் நாளாகுமாமா." அவர்கள் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போவார்கள்.

அப்புறம் டீ. எங்கள் ஊரில் வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப முடியாது. வந்தவர்களும் "எதுக்குங்க டீச்சரம்மா, ஒண்ணும் வேண்டாமுங்க" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் டம்ளரைத் தொடுவார்கள். அந்த மூன்று தடவையையும் நான் தட்டை ஏந்தியபடி நின்று கேட்க வேண்டும். நான் டீ போடும் நேரத்தில் அவர்கள் பாடுவார்கள். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பாட்டுப் பட்டியல் கொடுத்திருந்தேன், சாதாரண நோய்க்கு ஒன்று, கடும் நோய்க்கு ஒன்று. பக்கவாதம் என்றால் கடும் நோய்தானே என்று எல்லாரும் இரண்டாவது பட்டியலையே எடுத்தார்கள். பரம வீடு, அக்கரை, கண்ணீரில்லாத தேசம் என்று நீட்டி முழக்குவார்கள். பால் பொங்கிவிடாமல் பார்ப்பதிலேயே என் கவனமெல்லாம் போய்விடும். பாடகர் குழு சுருதி பிசகியது மட்டும் காதில் விழுந்தது.

சொல்லிப் பார்க்காமல் இல்லை. இப்படி முப்பது எண்ண வேண்டுமாம் என்று ஒவ்வொரு குழுவிடமும் சொன்னேன். "அதுக்கென்னங்க, எண்ணிப்போட்டாப் போச்சு" என்பார்கள். நாலு எண்ணுவதற்குள் ஒருவர் வேதாகமத்தில் சங்கீதத்தைத் திறந்துவிடுவார். பல்லைக் கடித்துக்கொண்டு போதகருக்குப் போன் போட்டேன். "அந்தக் கையேட்ட மாத்தோணுமுங்க" என்றேன். "அருமையா எழுதியிருக்கறீங்க டீச்சரம்மா, அதப் போயி எதுக்குங்க மாத்தோணும்?" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்த வாரம் அவரும் வந்தார், புன்னகைத்தார், எட்டாவது அட்டையைக் கொடுத்தார்.

அடுத்தவர்களைச் சொல்கிறேனே, நான் மட்டும் என்ன ஒழுங்கு? அவர் கையைத் தூக்கினாலே தண்ணீர் டம்ளரைக் கொண்டுபோய் நீட்டுவேன். ஏதோ கேட்க வாயெடுத்தால், "பசிக்குதுங்களா? ஃபேனப் போடட்டுங்களா? பாத்ரூம் போகோணுங்களா?" என்று அடுக்குவேன். எதற்காவது அவர் தலையாட்டினால் எனக்கு வேலை முடிந்தது. ஒன்பதாவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தப் பெண் அவரைச் சோதித்துப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "போன தடவையை விடக் குறைஞ்சிருக்கேம்மா. வீட்டுல பேசறாரா, இல்லையா?" ஆட்டோவில் திரும்பும்போது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. யார் மேல் ஆத்திரம் என்று பிரித்துப் பார்க்க அப்போது எனக்குத் தெம்பில்லை.

அந்த வாரமே ஒரு முற்பகலில் எங்கள் சபைக் கோயிலின் வேலைக்காரர் வந்தார். எங்கள் கோயிலைக் கூட்டிப் பெருக்குவது, மணி அடிப்பது, சாவு விழுந்தால் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட ஆள் சொல்வது எல்லாம் அவர்தான். கமிட்டியில் இல்லாததால் அவருக்கு யாரும் கையேடு கொடுக்கவில்லை. மறுநாள் ஒரு கல்யாணத்துக்காக நாற்காலிகளைத் திருப்பி எடுக்க வந்தவர், பதினொன்றை அடுக்கிவிட்டுப் பன்னிரண்டாவதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஐயா, மைக் செட்டு பீரோச் சாவிய எங்கீங்க வெச்சீங்க? நாளைக்கிக் கல்யாணத்துக்கு வேணுமுங்க."

நோயில் விழுவதற்கு முன்னால் கோயில் மைக் செட் முழுக்க என் வீட்டுக்காரர் பொறுப்பில்தான் இருந்தது.

"அவருக்குப் பேச வராதுங்க" என்று சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தேன்.

"தெரியுமுங்க டீச்சரம்மா. ஆனாச் சாவி ஐயாவுக்குத்தானுங்க தெரியும்."

சொல்லிவிட்டு முழங்காலில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். அவருக்குச் சாவி வேண்டும், அது கிடைக்காமல் எழுந்திருக்கிற உத்தேசம் இல்லை. நான் கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றேன். வீட்டுக்காரரின் உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. பன்னிரண்டு எண்ணுவதற்குள் எனக்கு நாக்கு துறுதுறுவென்றது. முப்பதும் தாண்டியது.

"ஆர்மோனியம்... பொட்டி... அடியில."

"அங்கதானுங்களா! நாங்க கோயிலையே கவுத்துப்போட்டுத் தேடறோமுங்க" என்று எழுந்தார் வந்தவர். என் வீட்டுக்காரர் இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் மறுபடி உட்கார்ந்தார். இந்த முறை வார்த்தை வர இன்னும் நேரமானது.

"எனக்கு... குழி... சொல்லிப்போட்டாங்களா?"

வந்தவர் என்னைப் பார்த்தார்.

"என்னங்கையா பேச்சு இது? ஆருங்க அப்படிச் சொன்னது?"

"பாட்டு" என்றார். அந்த ஒரு வார்த்தை மட்டும் சட்டென்று வந்தது. பிறகு, விட்டு விட்டு, "எல்லாம்... சாவு ஊட்டுப் பாட்டு" என்றார். விரலைச் சமையலறைப் பக்கம் நீட்டினார். "அங்க... போயி... ரகசியம்."

நாற்பது வருடமாக எத்தனை சாவு வீடுகளில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அந்தப் பாட்டுகளைப் பாடியிருக்கிறோம்! ஆறுதலாக இருக்கும் என்று அவற்றைப் பொறுக்கி எடுத்துப் பட்டியலில் சேர்த்தவள் நான். ஒன்பது வாரமாகக் குழு குழுவாக வந்து அவருடைய கட்டிலைச் சுற்றி நின்று பாடியிருக்கிறார்கள், சமையலறையில் குசுகுசுத்திருக்கிறார்கள், கண்ணைத் துடைத்திருக்கிறார்கள். டாக்டர் கைவிட்டுவிட்டார், சபைக்கே தெரிந்திருக்கிறது, தன்னிடம் மட்டும் மறைக்கிறார்கள் என்று இவர் முடிவு கட்டிப் படுத்திருக்கிறார். கேட்க வாயைத் திறந்தபோதெல்லாம் பேசாதீங்க என்றார்கள். நான் தண்ணீர் கொடுத்தேன்.

டாக்டர் சொன்னதை நான் எல்லாக் குழுவுக்கும் சொல்லியிருந்தேன். போனில் வெள்ளகோவில் தங்கைக்குச் சொன்னேன், பால்காரரிடம்கூடச் சொன்னேன். அவரிடம் மட்டும் சொல்லவில்லை.

கோயில் வேலைக்காரர் எழுந்து நாற்காலியை எனக்கு விட்டார். உட்கார்ந்தேன். "ஏனுங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொன்னாருங்க. உயிருக்குப் பயமில்லீங்க. இன்னும் பல வருசம் இருப்பீங்களாமா. பேச்சும் வந்துருமாமுங்க, நாளாகுமாமா, அவ்வளவுதானுங்க" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற என்னங்க கேக்கோணும்?" என்றேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். முப்பது போயிற்று, ஐம்பதும் போயிற்று. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழியும் சத்தம் கேட்டது, எழுந்திருக்கவில்லை.

"இன்னொருக்கா... சொல்லு அம்மணி" என்றார்.

முதலிலிருந்து சொன்னேன்.