ஒன்னுக்குப் போனியா என்று கேளுங்கள்

"வலி சுத்தமா விட்டுடுச்சு மேடம்" என்று செல்வி சிரித்தபோது நான் அவள் காலைத்தான் பார்த்தேன்.

குடவாசல் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் நான் பிசியோதெரபிஸ்ட். நடவு சீசன் வந்தால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிற பெண்களுக்குக் குறைவே இருக்காது. செல்வியும் நடவுக்குப் போகிறவள். முதுகெலும்பில் டிஸ்க் பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பின் வேரை அழுத்திக்கொண்டிருந்தது. முந்தின வாரம், இடுப்பிலிருந்து குதிகால் வரை கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று அழுதவள் அவள்.

அவள் கணவர் முருகேசனுக்கு ஒரே குஷி. "தாளடி நடவு பாதில நிக்கிது மேடம். நாளைக்கு அனுப்பலாங்களா?"

"இருங்க, பாத்துட்டு சொல்றேன்."

செல்வியின் இடது கால் செருப்பு வாசலிலேயே கழன்று கிடந்தது. கழன்றதே அவளுக்குத் தெரியவில்லை. பாதத்தை மேலே தூக்கச் சொன்னேன். வரவில்லை. நரம்பு ரொம்ப நசுங்கிவிட்டால் வலியைக்கூடச் சொல்லாது. அதுதான் எனக்குப் பயம்.

முருகேசனை வெளியே உட்கார வைத்துவிட்டுக் கேட்டேன். "ஒன்னுக்குப் போனியா?"

"ஐயோ, என்ன மேடம் இப்படிக் கேக்குறீங்க!"

"வெக்கமெல்லாம் அப்புறம் படலாம். எப்பப் போன?"

"நேத்துக் காலைல. அது பழக்கந்தான் மேடம். வயல்ல மறைவு ஏது? நாங்க தண்ணியே குடிக்க மாட்டோம், சாயந்தரம் வரைக்கும் அடக்கிக்குவோம்."

"நேத்து வயலுக்கா போன?"

"இல்ல, வீட்லதான் படுத்திருந்தேன். தண்ணிகூட நெறையக் குடிச்சேன்..." சொல்லும்போதே அவள் முகம் மாறியது.

அடிவயிறு உப்பி இறுகியிருந்தது. உட்காருகிற இடமும் மரத்திருந்தது. தைலம் தேய்த்ததால் அப்படி என்று நினைத்தாளாம், பாவி!

அடக்குவது வேறு, வராமல் போவது வேறு. சிறுநீர்ப்பைக்குப் போகிற நரம்புக் கொத்தே மாட்டிக்கொண்டுவிட்டது. காடா ஈக்வைனா என்பார்கள். இங்கே இடுப்பை இழுத்துவிடுகிற ட்ராக்ஷனும் ஒத்தடமும் செல்லாது. உடனே எம்.ஆர்.ஐ., உடனே ஆபரேஷன். எங்கள் டாக்டருக்குச் சொல்லிவிட்டு, தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆம்புலன்சைக் கூப்பிட்டேன்.

"நடவு முடிச்சுட்டுத் தஞ்சாவூர் போலாங்களா மேடம்?" என்றார் முருகேசன்.

"நடவாவது நாத்தாவது! இன்னிக்கு விட்டீங்கன்னா அவ ஆயுசுக்கும் மூத்திர ட்யூபோடதான் இருக்கணும், கெளம்புங்க!"

கத்திவிட்டேன். அவர் வாசலில் கிடந்த செருப்பை எடுக்க ஓடினார்.

அன்றைக்கே ஆபரேஷன் ஆனது. நரம்பு பழையபடி வேலை செய்யுமா என்று சர்ஜனால் உறுதி சொல்ல முடியவில்லை. ட்யூபை எடுக்கிற நாள் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்தேன்.

கடைசியில் செல்வியே பேசினாள். வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். "மேடம், ஒன்னுக்குப் போயிட்டேன்! தானா வந்துச்சு மேடம்!"

ட்ரீட்மென்ட் டேபிளில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவள் பாதம் இன்னும் முழுசாகத் தூக்க வரவில்லை. அதற்கு நாங்கள் இருக்கிறோம், பார்த்துக்கொள்ளலாம்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, நாளெல்லாம் அடக்கிப் பழகியவளிடம் "வேறு தொந்தரவு இருக்கா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். ஒன்னுக்குப் போனியா, எப்போது போனாய் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவள் வெட்கப்படட்டும், நீங்கள் படாதீர்கள்.