காய்ச்சலும் பாய்ச்சலும்

என் பெயரால் வழங்கும் படிப்பு அட்டவணை என்னுடையதன்று. அதை என் மாணவி ஒருத்தியிடமிருந்து எடுத்துக்கொண்டேன். எடுப்பதற்கு முன், அவளுக்கே அதை மறுத்தேன்.

சொல்லிவிட்டேன்... இருபது ஆண்டுகளாக நாவின் அடியில் கிடந்த மூன்று வாக்கியங்கள்!

நீங்கள் என்னை அறிந்திருக்கக்கூடும். நீடாமங்கலத்தை அடுத்த பள்ளியொன்றில் தமிழாசிரியராக இருந்தேன். வயல்வேலை செய்தோரின் பிள்ளைகள் பொறியியல் கல்லூரிகளுக்குப் புறப்படத் தொடங்கிய காலம் அது. பெங்களூரும் சிங்கப்பூரும் அடுத்த தெருவைப்போல் எங்கள் பேச்சில் அடிபட்டன. பன்னிரண்டாம் வகுப்பு என் பொறுப்பு. நேரத்தை ஆளக் கற்பித்தவன் நான். ரயில்வே கேட் அடைத்துக் கிடக்கும் வேளையில் பத்துச் சூத்திரங்களைச் சொல்லிப் பார்க்கப் பழக்கினேன். மிதிவண்டியைப் பிடித்தபடி உதடசைக்கும் பிள்ளைகளைக் கண்டு லாரி ஓட்டுநர்கள் சிரித்தார்கள். நான் நிமிர்ந்து நின்றேன். அந்தப் பழக்கம் என்னுடையது. அதில் களவில்லை.

அட்டவணைக்கு வருகிறேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒவ்வொருவரும் பொதுத்தேர்வு வரைக்குமான அட்டவணையை எழுதி என் கையொப்பம் பெற வேண்டும். கணக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம். அது என் விதி. நான் சொன்ன அந்த மாணவி செலின். அவள் தந்த தாளிலோ கணக்கு ஒருநாள் இருந்தது, பிறகு இரண்டு நாள் இல்லை, மீண்டும் ஒருநாள், பிறகு ஐந்து நாள் இல்லை. அரையாண்டில் கணக்கில் முதல் மதிப்பெண் அவளுடையது. அதையும் நான் அறிவேன்...

இந்த வெற்றிடங்கள் எதற்கு என்று கேட்டேன்.

"காய்ச்சலும் பாய்ச்சலுமா இருந்தாத்தாங்க ஐயா நிக்கும். வயல காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணி பாய்ச்சணும், எந்நேரமும் நின்னா வேரு கீழ எறங்காதுன்னு அப்பா சொல்லும். கொஞ்சம் மறக்க விட்டுட்டு, திரும்பப் போட்டுப் பாக்குறேன்."

அவளுடைய தந்தை பிறர் வயலுக்குத் தண்ணீர் கட்டியவர். அப்போதுதான் குத்தகைக்கு ஒரு வயல் எடுத்திருந்தார்.

"யூரியா எப்ப போடுவ செலின்?" என்றான் பின் வரிசையில் ஒருவன்.

"நீ தூங்குறப்ப" என்றாள் திரும்பாமலே.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அவளுடைய வெற்றிடங்களைச் சிவப்பு மையால் அடித்து, 'கணக்கு நாள்தோறும்' என்று எழுதினேன். "ஐயா சொல்றபடி படி. மாத்தாத" என்றேன். என் விதிப்படி அவள் புதுத்தாள் எழுதிக்கொண்டாள். அடித்த தாள் என் பதிவேட்டுக்குள் தங்கிற்று.

அவள் மாற்றவில்லை. கணக்கில் சரிந்தாள். பொறியியலில் இடம் கிடைக்கவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் புறப்படுமுன், மதிப்பெண் பட்டியல் வாங்க வந்தாள்.

"தெனம் பாத்தேங்க ஐயா. பாக்குறப்பல்லாம் தெரிஞ்ச மாதிரியே இருந்துச்சு" என்றாள்.

அந்த வாக்கியத்தின் பொருள் எனக்கு அப்போதே விளங்கிற்று: மறக்க இடைவெளி இல்லாததால், மனத்தில் நில்லாதது எது என்பதே அவளுக்குத் தெரியாமற்போயிற்று. விளங்காதவன்போல் தலையசைத்தேன். ஏன்? ஒரு சொல்... 'தவறு என்னுடையது' என்ற ஒரு சொல்லுக்கு அன்று என்ன பஞ்சம்?

அடுத்த ஆண்டு அந்தத் தாளை எடுத்தேன். என் கையெழுத்தில் படியெடுத்து வகுப்புக்குக் கொடுத்தேன். பெயர்தான் இடறிற்று. சேறு ஒட்டிய அந்தச் சொற்றொடர் அவளைக் காட்டிக்கொடுத்துவிடுமே! 'இடைவிட்டுப் பயிலல்' என்று புதுப்பெயர் சூட்டினேன். எவ்வளவு செப்பமான பெயர்! அந்த அட்டவணையில் அது ஒன்றே என்னுடையது. களவுக்குத் தமிழையும் துணைக்கு அழைத்துக்கொண்டேன்.

பலித்தது. கணக்கில் தோற்பதையே வழக்கமாகக் கொண்டிருந்தவர்கள் தேறினார்கள். திருப்பனந்தாளில் பேச அழைத்தார்கள். தரங்கம்பாடி மீனவர் பிள்ளைகளுக்கு வலை காயும் மணலில் நின்று விளக்கினேன். இன்று அவர்கள் எந்தெந்தக் கண்டத்திலோ இருக்கிறார்கள். என்னைத் தூற்றுங்கள், ஏற்கிறேன். அந்தப் பிள்ளைகளை எண்ணி நான் கொள்ளும் பெருமையை மட்டும் குறைத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். என்னால் இயலாது!

சென்ற ஆண்டு, நான் ஓய்வுபெற்ற பின் நடத்தும் சனிக்கிழமை வகுப்புக்கு ஒரு பெண்மணி தம் மகளுடன் வந்தார். செலின். திருப்பூரிலிருந்து ஊர் திரும்பி, மகளைப் பன்னிரண்டாம் வகுப்பில் சேர்த்திருந்தாள். அச்சிட்ட அட்டவணையைக் கொடுத்தேன். மகள் அதை வாங்குமுன் தாய் வாங்கினாள். ஒருநாள்... இரண்டு நாள் வெற்றிடம்... ஒருநாள்... ஐந்து நாள் வெற்றிடம்... அவளுடைய விரல் கட்டங்களின்மேல் மெல்ல நகர்ந்தது.

"இத நீங்களே கண்டுபுடிச்சீங்களா ஐயா?" என்று மகள் கேட்டாள்.

முப்பது பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். செலினும் பார்த்தாள். உண்மைக்கு அதைவிட நல்ல வேளை எனக்கு வாய்த்ததில்லை.

"ஆமாம்மா" என்றேன்.

செலின் தாளை மடித்து மகளிடம் கொடுத்தாள். "ஐயா சொல்றபடி படி. மாத்தாத" என்றாள்.

அவள் மறந்திருந்தாளா? நினைவோடு சொன்னாளா? கேட்கும் துணிவு எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

மகள் கணக்கில் மாவட்டமே பேசும்படி தேறினாள். தாய்க்குக் கிடைக்காத பொறியியல் இடம் அவளுக்குக் கிடைத்தது. கல்லூரியிலிருந்து எழுதியிருந்தாள்: எல்லாம் உங்கள் அட்டவணையால்தான், ஐயா.

அந்த வரியைப் படித்தபோது எனக்கு முதலில் வந்தது... பெருமைதான்.