சாம்பல் வந்த கிழமையில் வைத்த வாழைக்காய்க் கறி

அப்புக்குட்டி...

அந்தக் கிழமை முழுக்க வானம் எப்படிக் கிடந்தது! ஒரு பிளேன் இல்லை. வெள்ளைக் கோடு ஒன்றுகூட இல்லை. துடைத்து வைத்த நீலம். ஆறாம் மாடி யன்னலைத் திறந்தால் கீழே பஸ் சத்தமும் மெத்ரோ சத்தமும்தான்.

2010 சித்திரை. ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, சாம்பல் வானமெல்லாம் பரவி, பிளேன் எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டார்கள். தொலைக்காட்சியில் புகையைக் காட்டினார்கள். எங்கேயோ ஒரு மலை, எங்களுக்கென்ன என்றுதான் நான் நினைத்தேன்.

அப்புக்குட்டி என்பது என் மனுசனை மாமி கூப்பிடுகிற பெயர். ஆறடி ஆளுக்கு அந்தப் பெயர். மாமி வன்னியில் ஷெல் விழுந்து போனபிறகு, அப்படிக் கூப்பிட ஆளில்லையே என்று நான் கூப்பிடத் தொடங்கினேன்.

அந்தக் கிழமைதான் மாமி போய் ஒரு வருசம், முதல் ஆட்டைத் திவசம். மாமியின் உடம்பை நாங்கள் காணவில்லை. எட்டாம் நாள் சடங்குமில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியுமில்லை. ஒரே பிள்ளை இவர், இஞ்சை ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றார். அதனால் இந்தத் திவசமாவது ஒரு குறையில்லாமல் நடக்கவேணும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

தமிழ்க் கடைக்குப் போனேன். மரக்கறிப் பெட்டியெல்லாம் வெறுமை.

"அண்ணை, வாழையிலை?"

"எரிமலையைக் கேள் தங்கச்சி."

"வாழைக்காயாவது?"

"பிளேன் வந்தால்தான் எல்லாம். உருளைக்கிழங்கு கிடக்கு, அது பிரெஞ்சுக்காரன் நடந்தே கொண்டு வருவான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாழைக்காய் இல்லாமல் என்ன திவசம்? ரோட்டிலேயே கண் கலங்கிவிட்டது.

பிறகு ஆபிரிக்கன் கடைகள் பக்கம் நடந்தேன். அங்கே குவித்து வைத்திருந்தார்கள், பெரிய பெரிய காய். கப்பலில் வாற சாமானாம், எரிமலைக்குப் பயமில்லை. தோல் கொஞ்சம் மஞ்சள் பிடித்திருந்தது. வாழைக்காய் வாழைக்காய்தானே என்று ஆறு காய் வாங்கினேன். இலைக்குப் பதிலாக ஒரு பெரிய முட்டைக்கோவா. அதன் இலையைக் கழற்றிக் கழுவிப் பரப்பினால் கொஞ்சம் இலை மாதிரித்தான் இருந்தது.

படையலுக்குச் சமைக்கும்போது உப்புப் பார்க்கக்கூடாது. அது எல்லாருக்கும் தெரியும். நானும் நாக்கில் வைக்காமல், கைக்கணக்கில் உப்பும் தூளும் போட்டு, பால் விட்டு இறக்கினேன். படத்துக்கு முன்னால் படைத்தோம். இவர் தேவாரம் பாடினார். பிறகு காகத்துக்கு வைக்கிற பங்கைக் கோவா இலையில் சுற்றிக்கொண்டு வெளிக்கிட்டார்.

"எங்கைப்பா வைப்பீங்கள்?"

"பூங்காவிலை. ஒருத்தரும் பாக்காத நேரமாய்."

"பொலிஸ் கண்டால் அமாந் எண்டு தண்டக் காசு அடிப்பான்."

"அடிச்சால் அடிக்கட்டும். அம்மாவின்ரை சாப்பாட்டுக்குத்தானே."

அவர் கீழே இறங்கினபிறகுதான் நான் கறிச் சட்டியில் விரலை வைத்துப் பார்த்தேன்.

இனிப்பு!

பாயாசம் மாதிரி இனிப்பு. அந்தக் காய் வேறு சாதி. பழுக்கத் தொடங்கினால் கறிக்கு உதவாது என்று எனக்கு ஆர் சொன்னது? ஷெல்லில் போன மனுசிக்கு முதன்முதலாக வைக்கிற சோற்றை நாசமாக்கிப் போட்டேனே என்று, குசினி நிலத்தில் குந்தியிருந்து அழுதேன்.

பத்து நிமிடமிருக்கும். கதவு திறந்தது. வெறுங்கையோடு வந்தார், முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அம்மா வந்திட்டா. ஒரு காகம்தான். நேரை வந்து முதல் வாழைக்காயைத்தான் தூக்கினவ."

"அது இனிக்குதப்பா! நான் பிழை விட்டிட்டன்..."

ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். மென்றார். பிறகு அந்த ஒரு வருசத்தில் நான் காணாத சிரிப்பு ஒன்று சிரித்தார்.

"சீனி வருத்தமெண்டு பதினைஞ்சு வருசமா அவவை இனிப்புத் தொட விடேல்லை. இப்ப ஆரடி தடுக்கிறது? அதுதான் பறந்து வந்தவ."

இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து அழுதோம். அன்றைக்குத்தான் இவர் வடிவாகச் சாப்பிட்டார். அன்றிரவு நித்திரையும் கொண்டார்.

சில நாளில் பிளேன் ஓடத் தொடங்கியது. சாம்பல் கதையை எல்லாரும் மறந்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அது போகவில்லை. அடுத்த வருசம் ஊர் வாழைக்காய் வாங்கி வந்தேன். "இதில்லை, அம்மாவுக்கு அந்தக் கறிதான்" என்று என்னைத் திருப்பி அனுப்பினார். ஒவ்வொரு வருசமும் அப்படியே. இஞ்சை பிறந்த எங்கள் மகள், திவசக் கறி என்றால் இனிப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்தே வளர்ந்தாள்.

இப்போது கடையில் இல்லாத சாமானில்லை. முருங்கைக்காய், புடலங்காய், தண்ணீர் தெளித்த வாழையிலை. அந்தக் கடைக்கார அண்ணையும் ஊருக்குப் போய்விட்டார், அவருடைய மகன் நிற்கிறான்.

நீங்களும் போய்விட்டீர்கள், அப்புக்குட்டி. வாற கிழமை உங்களுக்கு முதல் ஆட்டை.

"அம்மா, அப்பாவுக்கும் அந்தக் கறியையே வை" என்கிறாள் மகள். வைப்பேன். காகத்தின் பங்கைத் தான்தான் பூங்காவுக்குக் கொண்டுபோவேன் என்றும் நிற்கிறாள். எனக்கு முழங்கால் ஏலாது, ஆறு மாடி இறங்க முடியாது. அவள் திரும்பி வந்து என்ன சொன்னாலும் நான் நம்பத்தான் வேணும்.

அந்தப் பூங்காவில் புறாக்கள்தான் கூட்டம் கூட்டமாக நிற்கும். காகத்தை நான் கண்டதே அபூர்வம். இத்தனை வருசமாக உங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் உங்கள் முகத்தில் அந்த வெளிச்சம் அணைந்துவிடுமோ என்று பயம்.

இப்போது கேட்கிறேன், கோபிக்காதேங்கோ.

அப்புக்குட்டி, அன்றைக்கு மெய்யாகவே காகம் வந்ததா?